இரவல் ஏடு

எங்கள் நடைவழியில்
மடக்கு நாற்காலி நாற்பது,
கல்யாண மேசைவிரிப்பு பதினாறு,
குழந்தையை நிறுக்கும் தராசு ஒன்று.
யார் கேட்டாலும் தருவோம், வாடகை இல்லை.
ஸ்டாம்ஃபர்ட் ஹில்லில் பிள்ளைகள் அதிகம்,
தராசு வீட்டில் தங்கியதே இல்லை.

நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பேன்:
செவ்வாய், ஷ்ப்ரின்ட்ஸா, நாற்காலி பன்னிரண்டு.
செவ்வாய் மாலை, ராய்ஸெல், வெள்ளை விரிப்பு.
புதன், பெரெல், தராசு.

புதனன்று யெகுசியெலுக்கு மூக்கு ஒழுகியது.
கதவைத் திறந்ததே அவன்தான்.
பெரெலின் தோளில் கிடந்த தோய்பாவின்
காலுறையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.
சளிதானே என்றேன்.
சளிதானே என்றாள் அவளும்.

சனி இரவு, சபாத் முடிந்து,
பின்னல் மெழுகுவர்த்தியை ஒயினில் அணைக்கக் குனிந்தபோது
அவன் காதுக்குப் பின்னால்
முதல் சிவப்பு.

சந்தேகம் எனக்கு வேதத்திலிருந்து வரவில்லை.
போட்டுக்கொள்ளுங்கள் என்று ரபிகள் கையெழுத்திட்ட தாள்
பேக்கரிக் கண்ணாடியில் ஹல்லா ரொட்டிக்கு மேலேயே இருந்தது.
வெள்ளிதோறும் படித்தேன்.
அது வந்தது தொலைபேசியில்.
இரவு பதினொன்று, பாத்திரமெல்லாம் கழுவி முடித்து,
மூன்றை அழுத்தினால் ஒரு பெண்குரல்.
ஊசி போட்ட வாரமே மகன் பேச்சை மறந்தான் என்றாள்.
அவள் அழுதாள், நானும் அழுதேன்.
அழுகிறவளிடம் எப்படி ஆதாரம் கேட்பது?
ஏழு பிள்ளைகளின் ஊசி அட்டைகளையும்
மேல் அலமாரியில், பஸ்காப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன்,
ஆண்டுக்கு ஒருமுறை கை போகும் இடத்தில்.

சுகாதாரத் துறையிலிருந்து மோரின் வந்தாள்.
அந்த நாலு நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார்,
ஞாபகம் இருக்கிறவரை சொல்லுங்கள் போதும் என்றாள்.
ஞாபகம் எதற்கு?
நீல நோட்டை விரித்து
வலமிருந்து இடமாக நான் படிக்கப் படிக்க
இடமிருந்து வலமாக அவள் எழுதிக்கொண்டாள்.
பத்தொன்பது பெயர்.
ஆள் போன பின்னும் இரண்டு மணி நேரம்
காற்றிலேயே நிற்குமாம் அது.
நாற்காலியைக்கூட எண்ணித்தான் கொடுப்பேன் நான்.

ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டேன்.
ஷ்ப்ரின்ட்ஸா கத்தினாள். நல்லதாயிற்று.
பெரெல் கத்தவில்லை.
ஐந்து மாதம், ஹென்யா, என்றாள்.
அவளுக்கு அந்த ஊசிக்கே வயசாகவில்லை,
சுற்றியிருக்கிறவர்கள் போட்டிருந்தால்
போதும் என்று சொல்லியிருந்தார்கள்.
பிறகு மூச்சு மட்டும் கேட்டது.
யாருடையது என்று தெரியவில்லை.

அடுத்த சபாத்துக்கு அடுத்த சபாத்தில்
எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ்.
அந்த நாளில் வண்டி ஏறக் கூடாது.
உயிர் என்றால் ஏறலாம், ஏறியே ஆகவேண்டும்.
ஏறினான் பெரெலின் கணவன், தொழுகைச் சால்வையோடு.
இந்த வரியை நானும் படித்திருந்தேன்,
பள்ளிக்கூடத்திலேயே.

என் ஏழில் நாலு பேருக்கு வந்து இறங்கியது.
மிச்சம் மூவரோடு கிளினிக்குக்குப் பேருந்து ஏறினேன்.
மகன்களின் தொப்பியைப் பார்த்து
ஒருவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.
எங்கள் தெருவில் பாதிப் பேர் எப்போதோ போட்டுக்கொண்டவர்கள்,
அவர்களுக்கும் சேர்த்தல்லவா அவர் எழுந்தது!
சொல்ல வாயெடுத்தேன்.
எனக்கு அந்த வாய் இல்லை.

தோய்பா வீடு வந்துவிட்டாள்.
வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்கிறார்கள்.
தராசை யாரோ துண்டில் சுற்றி
வாசலில் வைத்துப் போயிருந்தார்கள்.
பெரெல் பெயருக்கு நேரே
'திரும்பி வந்தது' என்று எழுத வேண்டும்.
இன்னும் எழுதவில்லை.

இன்று காலை ஒரு புதுத் தாய்.
பிள்ளை பிறந்து ஒன்பது நாளாம், தராசு வேண்டுமாம்.
உள்ளே வா என்றேன்.
வரவில்லை, படியிலேயே நின்றாள்.
உங்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டாயிற்றா, என்றாள்,
தரையைப் பார்த்தபடி,
இருபது வயதுகூட இருக்காது.

கோபம்தான் முதலில் வந்தது.

பிறகு ஒரு மடக்கு நாற்காலியை விரித்து
ஏறினேன்,
மேல் அலமாரிக்கு.